துருக்கை

துப்பாக்கிக்கு நீலம் ஏற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது வேண்டாம் என்பதுதான். கடைக்கு வருகிற வேலையை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற ஒரே ஆள் இந்தத் தெருவில் நீங்கள்தான் என்பாள் என் மனைவி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரும்பின் மேல் இருக்கும் அந்தக் கருநீலம் சுவருக்கு அடிக்கிற வெள்ளை மாதிரி இல்லை. இரும்பே துருவாகி, அந்தத் துரு கறுத்து, இரும்போடு ஒட்டிப்போன தோல் அது. பழையதை உரிக்காமல் புதியது ஏறாது. உரித்தால் எது போகும், எது தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடியாது. முப்பது வருஷமாக இதே வேலை, இன்னும் முடியாது.

அந்தப் புருஷனும் பெண்சாதியும் வந்தது மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில். மொபெட்டின் நடுவில் சாக்கில் சுற்றிய நீளமான கட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள். அவரை எனக்குப் பார்த்த பழக்கம் உண்டு. வங்கி வாசலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்கிற காவல்காரர். கடந்த எட்டு மாதமாகத் துப்பாக்கி இல்லாமல் ஒரு தடியோடு நின்றுகொண்டிருந்தார். ஏன் என்று ஊருக்கே தெரியும். அவருடைய ஒரே மகன் வீட்டில் துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துச் செத்துப்போனான். பத்தொன்பது வயது.

அவர் சாக்கைப் பிரித்தார். விசைக் காப்பில் நீதிமன்றத்தின் அட்டை இன்னும் நூலில் தொங்கியது. எட்டு மாதம் ஏதோ ஈரமான அறையில் போட்டு வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். குழல் முழுக்கப் பழுப்பாகத் துரு பூத்திருந்தது.

"பதினாறு நாள்ல இன்ஸ்பெக்ஷன் அண்ணே," என்றார். "துப்பாக்கியோட வந்தா வேலை உனக்கு, இல்லைன்னா வேற ஆள் ரெடியா இருக்கான்னு ஏஜென்சில சொல்லிட்டாங்க. துருப் பிடிச்ச துப்பாக்கிய லைசன்ஸ் ஆபீஸ்ல கையில கூட வாங்க மாட்டாங்களாம். ஐம்பத்தி நாலு வயசு எனக்கு. இனிமே யாரு வேலை குடுப்பா?"

"எண்ணெய் போட்டுத் தேய்ச்சுத் தரேன். நீலம் எதுக்கு?"

"இல்லண்ணே. புதுசா ஏத்திடுங்க. பழசு எதுவும் இருக்க வேண்டாம்."

அந்த அம்மாள் நான் போட்ட முக்காலியில் உட்காராமல் நின்றாள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் என்று பிறகு தெரிந்தது. வலது ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை, வெட்டு மெஷின் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் குட்டை விரலால் முந்தானையை நெருடிக்கொண்டே துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு விதமா செய்யலாம்," என்றேன். "புட்டியில வர்ற மருந்து ஒண்ணு. துணியில தொட்டுத் தேய்ச்சா பத்து நிமிஷத்துல கறுத்துடும், டீ குடிச்சிட்டு கையோட வாங்கிட்டுப் போகலாம். ஆனா இது தினம் எட்டு மணி நேரம் நீங்க பிடிச்சுக்கிட்டு நிக்கிற சாமான். ரெண்டு மாசத்துல கை படற இடமெல்லாம் வெளுத்துடும். இன்ஸ்பெக்ஷன் ஆளு வெள்ளைத் துணியால ஒரு இழுப்பு இழுத்தாலே தெரிஞ்சிடும். தலைக்கு அடிக்கிற சாயம் மாதிரி, வேர்த்தா வண்டவாளம் வெளிய வந்துடும்."

"அது வேணாம்."

"கம்பெனியில செய்யறது இன்னொண்ணு. காரமும் உப்பும் கரைச்சு தொட்டியில கொதிக்க வச்சு முக்கி எடுக்கறது. அரை மணி நேரத்துல அண்டங்காக்கா கறுப்பு. ஒத்தைக்குழலா இருந்தா நானே அதைத்தான் சொல்வேன். ரெட்டைக்குழல ஈயம் வச்சுப் பத்தவச்சிருக்கான். அந்த உப்பு ஈயத்தைத் தின்னுடும். தொழிலுக்கு வந்த புதுசுல தெரியாம ஒருத்தரோடத முக்கிட்டேன். எடுத்துப் பாத்தா ரெண்டு குழலும் பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிக்குது."

நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. துக்க வீட்டில் வாய் நிற்காத ஆள் நான், என் மனைவி பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"கடைசியா மெதுவா செய்யறது," என்றேன். "துருவை நாமளே வரவைக்கிறது. மருந்தை லேசா பூசி ஈர அலமாரியில தொங்கவிட்டா மறுநாள் சிவப்பா துரு ஏறும். அதை மழைத்தண்ணியில கொதிக்க வச்சா சிவப்பு கறுப்பாகும். பிரஷ் போட்டுத் தேய்ச்சிட்டு மறுபடி பூசணும். ஏழு பூச்சு, நாளைக்கு ஒண்ணு. நூறு வருஷம் நிக்கும். அதுக்கு முன்னாடி எமரி போட்டு இப்ப இருக்கிற துருவ அடி வரைக்கும் எடுக்கணும்."

"அதையே செய்யுங்க."

"இதை மட்டும் விட்டுடுங்க." அந்த அம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

இடது குழலில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே, மற்ற துருவை விடக் கறுப்பாக நாலு கோடுகள் இருந்தன. விரல்கள். நல்ல நீளமான விரல்கள். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

"எம் பையன் கை," என்றாள். "அவனுக்கு என் கை. நான் தொட்ட சாவி, ஜன்னல் கம்பி, தையல் மெஷின் சக்கரம் எல்லாம் நாலாம் நாள் துருப் பிடிச்சிடும். வேர்வை அப்படி. அவனுக்கும் அதே. வீட்ல துப்பாக்கிய நாங்க ரெண்டு பேரும் தொடவே கூடாதுன்னு இவர் வச்சிருந்தார்."

அப்போதுதான் எனக்கு ஒரு பையனின் ஞாபகம் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை கேட்டு வருகிறவனிடம் நன்றாகத் தேய்த்த இரும்புத் தகடு ஒன்றைக் கொடுத்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வோம். பிறகு அதை மூன்று நாள் அலமாரியில் வைப்போம். தகடு சுத்தமாக இருந்தால் அவன் கை ஆகும். விரல் தடம் பழுப்பாக எழும்பினால் அது துருக்கை, ஆகாது. துருக்கைக்காரன் ஒருத்தன் பட்டறையில் இருந்தால் மற்றவர்கள் செய்கிற வேலையெல்லாம் பாழ். என் குருநாதர் எனக்கு வைத்த தகடு சுத்தமாக இருந்தது. அதனால்தான் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். உயரமானவன், நீள விரல். இரண்டாம் நாளே தகட்டில் ஐந்து விரலும் தெரிந்தன. "உன் கை இந்தத் தொழிலுக்கு ஆகாதுப்பா," என்றேன். அவன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அம்மா கை சார் இது," என்றான். "இதுக்கு மருந்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். இல்லையென்றேன். யார் வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.

இதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தடம் தெரிஞ்சா இன்ஸ்பெக்ஷன்ல ஆகாது," என்றார் அவர், பெண்சாதியைப் பார்க்காமல். "முழுசா தேய்ச்சிடுங்க."

அதற்குள் மழை பெருத்துவிட்டது. நனைகிற மொபெட்டைத் தாழ்வாரத்துக்குள் தள்ள அவர் வெளியே போனார். அந்த அம்மாள் என் பக்கம் நகர்ந்தாள்.

"அண்ணே, அவன் துணிமணிய எல்லாம் இவர் குடுத்துட்டார். செருப்பு கூட இல்ல. இது ஒண்ணுதான் அவன் கை."

"ஒரு பேரிங் கம்பெனியில சேந்தான்," என்று அவளே மேலும் சொன்னாள். "நாப்பது நாள் போனான். அவன் பேக் பண்ண பெட்டிய வாங்கினவன் பிரிச்சுப் பாத்தா எல்லாத்துலயும் விரல் விரலா துரு. மொத்த பேர் முன்னாடியும் நிக்க வச்சு கையக் காட்டச் சொன்னாங்களாம். அது மூணாவது இடம்."

முதல் இடம் எது என்று நான் கேட்கவில்லை. என் நெஞ்சு எனக்குச் சொன்னது. அந்த நேரத்தில் அவள் என் சொத்தையே கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

"கவலைப்படாத தங்கச்சி," என்றேன். "மேலோட்டமா தேய்க்கிறேன். ஆபீசருக்குத் தெரியாது. ஆனா வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா நிழல் மாதிரி இருக்கும். உனக்குத் தெரியும். அஞ்சாம் நாள் வந்து பாரு."

அவள் கும்பிட்டாள். அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

மறுநாள் காலை கடை திறப்பதற்குள் அவர் தனியாக வந்து நின்றார். சீருடை, கையில் தடி, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அண்ணே, அவ ஏதாவது சொன்னாளா?"

"என்ன சொல்லப் போறாங்க?"

"அவ பேச்சக் கேக்காதீங்க. அடி வரைக்கும் தேய்ச்சிடுங்க. இரும்பு கொஞ்சம் தேஞ்சா கூடப் பரவால்ல. ரெண்டு குழலும், மேல இருந்து கீழ வரைக்கும். ஒரு இடம் விடாம."

"தடம் ஒரு குழல்லதானே இருக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். "ரெண்டையும் தேய்ங்க," என்றார். "இன்ஸ்பெக்ஷன் இருக்குல்ல."

அவர் போன பிறகு என் மனைவியிடம் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெற்ற பிள்ளையின் விரல் தடம், அதைக்கூடப் பெற்றவளுக்கு விட்டுவைக்க மனசில்லாத கல்நெஞ்சன் என்றேன். அவள் மழைத்தண்ணீருக்காக முற்றத்தில் அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அவரு முகம் கல்நெஞ்சுக்காரர் முகமா எனக்குத் தெரியல," என்றாள். "பயந்த முகமா இருக்கு. அவர் சொன்னபடி செஞ்சிட்டுப் போங்களேன். உங்களுக்கு எதுக்கு அடுத்த வீட்டு நாட்டாமை?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு எப்ப தெரிஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அண்டாவை நேராக வைத்தாள்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றி வைத்தேன். குழல் இரண்டின் வாயிலும் அடியிலும் மரச்செருகு அடித்தேன், இனி இரும்பில் கை படாமல் அந்த மரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். எமரித் தாளை எண்ணெயில் தொட்டு நீளவாக்கில் இழுத்தேன். மேல் துரு சேறாக வந்தது. விரல் தடம் இருந்த இடத்தில் கையை லேசாக்கினேன். அங்கே இரும்பில் ஊசிமுனை ஊசிமுனையாகப் பள்ளங்கள் இருந்தன. அவற்றின் தலையை மட்டும் தட்டிவிட்டேன். பிறகு சுண்ணாம்பைக் குழைத்துத் தடவி, கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகு முதல் பூச்சு.

மழைக்காலம் எங்களுக்கு வேலைக்காலம். ஊரெல்லாம் துணி காயவில்லை என்று புலம்பும்போது என் அலமாரியில் துரு ஜோராக ஏறும். முதல் நாள் குழல் ஆரஞ்சுத் தோல் நிறத்தில் வந்தது. நீளத் தொட்டியில் மழைத்தண்ணீரைக் கொதிக்க வைத்து முக்கினேன். சிவப்பு மெல்ல மங்கி, கரி மாதிரி கறுத்தது. பிரஷ் போட்டதும் சாம்பல் நிறம் நின்றது. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் கறுப்பு. பையனின் விரல்கள் நான் சொன்னபடியே நிழலாக நின்றன. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வலது குழலில் ஒரு கறை தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து மறுபடி சுண்ணாம்பு போட்டுக் கழுவினேன். நாலாம் நாள் அந்தக் கறை நாலாகப் பிரிந்தது.

சொல்கிறேன், கேளுங்கள். துரு மருந்து உப்பு இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்துக் கடிக்கும். ஈர அறையில் ஊறிய பொதுத் துருவுக்கு அடியில் மங்கலாக ஒளிந்திருந்த ஒன்றை, நான் அரைகுறையாகத் தேய்த்து விட்டுவைத்த ஒன்றை, நாலு பூச்சில் நானே வளர்த்து எழுப்பியிருந்தேன். அடிவரை தேய்த்திருந்தால் அது வந்திருக்காது.

ஐந்தாம் நாள் காலை தொட்டியிலிருந்து குழலைத் தூக்கியபோது தடம் முழுதாக இருந்தது. இது வேறொரு கை. பையனின் கை இடது பக்கத்திலிருந்து சுற்றியிருந்தது, இது எதிர்ப்பக்கம், வலதிலிருந்து. சின்னக் கை. மூன்று விரல் முழுசு. ஆள்காட்டி விரல் ஒரு கணு குட்டை. விரல்கள் இருந்த இடத்தில் நிற்காமல், துப்பாக்கியின் அடிப்பக்கமாக அரை விரற்கடை இழுபட்டிருந்தன.

நான் குழலைத் தாங்கியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவன் தன் பக்கம் பிடிக்க, ஒருத்தி தன் பக்கம் இழுத்திருக்கிறார்கள். துடைக்கிறவன் குழல் வாயைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு துடைக்க மாட்டான். வீட்டில் யாரும் இல்லாதபோது நடந்தது என்று வழக்கில் எழுதியிருந்தது.

உடனே எமரித் தாளை எடுத்தேன். எடுத்துவிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் குழலைத் திருப்பினேன். பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது. "உள்ள வாங்க, நனையாதீங்க. அவர் இங்கதான் இருக்கார்."

ஐந்தாம் நாள் வரச்சொன்னது நான்தான். அந்த அம்மாள் குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு நேராகத் தாங்கிக்கு வந்தாள். குழலிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. கறுப்பு வெல்வெட் மேல் கறுப்பாக இரண்டு கைகள். நான் குறுக்கே நின்று மறைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அவள் இடது குழலைத்தான் பார்த்தாள். முகம் இளகியது. "இருக்கு," என்றாள் என் மனைவியிடம். "அண்ணன் சொன்ன மாதிரியே இருக்கு."

பிறகு வலது பக்கம் பார்த்தாள்.

வலது கையை நீட்டினாள். தொடவில்லை, அந்தத் தடத்துக்கு மேலே நூலளவு தள்ளிப் பிடித்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது, குட்டை விரல் உட்பட. கையை அப்படியே வைத்திருந்தாள். என் மனைவி அவள் தோளைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தாள்.

"கோர்ட்ல இருந்து வந்த அன்னைக்கே பாத்தேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "சாக்கப் பிரிச்சு இஞ்ச் இஞ்சா பாத்தேன். அவன் கை மட்டும்தான் இருந்துச்சு. என் கை இல்ல. எனக்குத் துருக்கை, தொட்டா விழாம இருக்காது. விழலைன்னா நான் தொடலைன்னு அர்த்தம். அப்படித்தான் நான் நெனச்சேன். நான் அங்க இல்லவே இல்ல, கனவுதான் கண்டிருக்கேன்னு நெனச்சேன். இவ்ளோ நாள் அத வச்சுத்தான் தூங்குனேன்."

"தண்ணி குடிங்க," என்றாள் என் மனைவி.

"ஷிப்ட் சீக்கிரம் விட்டுட்டாங்க அக்கா அன்னைக்கு. கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. கட்டில்ல உக்காந்து நெஞ்சுக்கு நேரா வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தான். என்னப் பாத்ததும் 'ஒண்ணும் இல்லம்மா'ன்னான். சின்ன வயசுல எதையாவது உடைச்சிட்டு சொல்வானே அப்படி. கீழ வச்சிருப்பான். நான் ஒரு வார்த்த பேசியிருந்தா வச்சிருப்பான். நான் பேசல. பாஞ்சு பிடிச்சு இழுத்தேன்."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு அடியில் அடுப்பு எரிவதை யாரும் அணைக்கவில்லை.

"அவனுக்கு வேலை போச்சு. கையாலதான் போச்சு, அந்தக் கையும் என் கைதான். கடைசியில அதே கையால நானே," என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அவர் எப்போது வந்தார் என்று தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார். வாசற்படியில் நின்றவர் அவளைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அடி வரைக்கும் தேய்க்கச் சொன்னேனேண்ணே," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

அவள் தலையைத் திருப்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எப்பத்துல இருந்து?"

"அன்னைக்கே. நான் வந்தப்ப நீ சுவத்தோரமா உக்காந்திருந்த. உள்ளங்கை பூரா குழல் கறுப்பும் எண்ணெயும். போலீஸ் வர்றதுக்குள்ள மண்ணெண்ணெய் போட்டு நான்தான் தொடைச்சேன். உனக்கு நெனப்பில்ல. நீ கம்பெனியில இருந்து எனக்கு அப்புறம்தான் வந்தன்னு எழுதிக் குடுத்தேன்."

"எட்டு மாசமா தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என் கையால சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்," என்றார். "தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். நீ போடாத அன்னைக்கு நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

அவள் அப்போதுதான் அழுதாள். எட்டு மாதமாக அவள் அழுதிருப்பாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது அந்த அழுகை இல்லை. என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். நான் போய் அடுப்பை அணைத்தேன், வேறென்ன செய்வது.

அவர் அவளுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். "ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்தேன். நல்ல மழை. தோட்டாவக் கழட்டி பெட்டியில வைக்கணும், அதான் சட்டம். இருபத்தோரு வருஷம் வச்சிருக்கேன். அன்னைக்கு அசந்துபோய் அப்படியே மாட்டிட்டுப் படுத்துட்டேன். எழுந்ததும் ரேஷன் கடைக்குப் போயிட்டேன். நீ இழுத்த. இழுத்தா வெடிக்கிற மாதிரி வச்சது யாரு? என் கை. அதுக்கு எங்கயும் தடம் விழல, அவ்ளோதான்."

அந்த இடத்தில் நானும் சொல்லியிருக்கலாம், முதல் இடம் என் கடைதான் என்று. வாய் வரை வந்தது. துக்க வீட்டில் வாய் நிற்காத எனக்கு அன்றைக்கென்று பார்த்து வாய் அடைத்துக்கொண்டது.

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, என்னோடத மட்டும் எடுத்துட்டு அவனோடத விட முடியாதா?"

குழலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை, ஏற்கெனவே பார்த்ததுதான். பையனின் கட்டை விரல் வலது குழல் மேல் சுற்றி விழுந்திருந்தது. அவளுடைய குட்டை விரல் அதன் மேலேயே விழுந்து இழுபட்டிருந்தது.

"முடியாது தங்கச்சி. ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கு. எடுத்தா ரெண்டும்தான் போகும்."

"ரெண்டையும் அப்படியே விட்டா?"

"இன்ஸ்பெக்ஷன்ல கேப்பாங்க. யார் கைன்னு கேப்பாங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றால் வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவார் போல இருந்தது, வேலை போனால் போகட்டும் என்று. அதை அவர் சொல்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"தேய்ச்சிடுங்க. ரெண்டையும்."

அன்று மாலைக்குள் அடிவரை இறக்கினேன். முரட்டு எமரி, பிறகு நடுத்தரம், பிறகு வழவழப்பு. கையை லேசாக்கவில்லை. கடைசிப் பள்ளம் போகும்போது குழல் வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சத்தில் எப்படிச் சாய்த்துப் பார்த்தும் ஒன்றும் இல்லை. பிறகு ஏழு நாள், ஏழு பூச்சு. தடம் ஏதாவது எழும்புகிறதா என்று ஒவ்வொரு நாளும் தொட்டிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழும்பவில்லை. நான் செய்த வேலையில் அதைவிட நல்ல நீலம் இதுவரை வந்ததில்லை, இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்ஷனுக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி வெள்ளைத் துணியால் இழுத்துப் பார்த்தார். துப்பாக்கியின் நம்பரைச் சரிபார்த்தார். "புதுசு மாதிரி இருக்கேய்யா," என்று சொல்லி முத்திரை வைத்தார்.

திரும்பி வந்து அலமாரியின் அடித்தட்டில் தேடினேன். வேலை கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அந்தத் தகட்டை எடுத்தேன். அவனுக்குப் பிறகு இன்னும் நாலு பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் நான்தான் தேய்த்து வைப்பேன். முன்னும் பின்னும் திருப்பினேன். என் முகம்தான் தெரிந்தது. என் மனைவி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். அன்றைக்கு அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

அந்த அம்மாள் அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறாளாம். வலது கையில் எந்நேரமும் துணி சுற்றியிருக்கிறாளாம், காயமா என்று கேட்டால் ஆமாம் என்கிறாளாம்.

போன வாரம் வங்கிக்குப் போனேன். அவர் வாசலில் நின்றிருந்தார். துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, குழலை ஒரு கையால் பிடித்திருந்தார். காவல்காரர்கள் சாதாரணமாகப் பிடிக்கிற இடத்தில் இல்லை, அதைவிட மேலே, வாயிலிருந்து ஒரு சாண் கீழே. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பிடியை மாற்றவில்லை. உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தேன். அப்போதும் அதே இடத்தில்தான் கை இருந்தது.

நல்ல கை அவருக்கு, காய்ந்த கை. வருஷக்கணக்கில் பிடித்தாலும் அங்கே எதுவும் விழாது. என் கையும் அப்படித்தான்.